விதைப்பதா, விடுவதா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினேன். பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. ஆடி பிறந்துவிட்டது. தண்ணீர் வருமா, வந்தாலும் நம் வாய்க்கால் வரை எட்டுமா என்று காவிரி டெல்டா முழுக்கக் கணக்குப் போடுகிற நேரம். அதனாலோ என்னவோ, பரீட்சை எழுதுகிறவர், தென்னை வைக்கிறவர், ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கிற பிள்ளை என்று எல்லோரும் இதையே கேட்டிருக்கிறார்கள்: தோற்றுப்போக வாய்ப்பு இருக்கிறது, இறங்கலாமா? நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது வாய்க்கால் முடிகிற கடைமடையில் சொந்தச் சாகுபடி. எனக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நிலம், சுத்தக் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எட்டாமல் காய்ந்த வருஷமும் உண்டு, ஐப்பசி மழையில் மூழ்கி அழுகிய வருஷமும் உண்டு. "இந்த வருஷம் சும்மா போட்டுடுவோம்மா, கையில இருக்கற காசாவது மிஞ்சும்" என்கிறான் மகன். அவன் சொல்வது சரியா?
– வாசகி, தலைஞாயிறு

மகன் சொல்வதில் கணக்கு இருக்கிறது, அம்மா. அவனைத் திட்டாதீர்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம் என்கிறோம். 2012 தொடங்கி 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020-ல் சரியாகத் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 ஆயிற்று. அவன் வரப்பில் நடக்க ஆரம்பித்ததிலிருந்து பார்த்ததெல்லாம் இந்த ஆட்டம்தான். திறந்த பிறகும் கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, வழியில் இருக்கிற மடையெல்லாம் குடித்த மிச்சம்தான் அரிச்சந்திரா நதி வழியாக உங்கள் பக்கம் வர வேண்டும். இதை நம்பி எப்படிக் காசு போடுவது என்று வயசுப் பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி.

ஆனால் அவன் கணக்கில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. தரிசாகப் போட்ட நிலம் அப்படியே இருக்காது. வயலில் கோரை மண்டும். உழவு ஓடாத நிலத்தின் வாய்க்காலை யாரும் வெட்ட மாட்டார்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு ஏறிவிடும். வடிகால் அடைபட்டால் அடுத்த மழைக்கு உங்கள் வயலோடு மேலண்டை வயலும் மூழ்கும். வைக்கோல் இல்லாமல் மாட்டை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? அடுத்த வருஷம் அந்தக் கோரையை அழித்து நிலத்தைப் பண்படுத்த ஆகும் உழவுச் செலவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மிஞ்சும் என்று அவன் நினைக்கிற காசில் எவ்வளவு நிற்கிறது என்று அவனே பார்க்கட்டும்.

அதனால் சாகுபடி போடுங்கள் என்றுதான் சொல்வேன். எப்படிப் போடுவது என்பதில்தான் புத்தி செலவழிக்க வேண்டும்.

நாற்று விட்டு, ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்து ஐப்பசியில் நடுவது உங்கள் பக்கத்துக்கு ஒத்துவராது. வேர் பிடிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். ஆவணியில் புழுதி உழவு ஓட்டி நேரடி விதைப்பு செய்யுங்கள். மழை வலுக்கும்போது பயிருக்கு ஐம்பது, அறுபது நாள் வயசாகித் தலை வெளியே நிற்கும். ரகம் சி.ஆர். 1009 சப் 1 பாருங்கள். நாம் பொன்மணி என்று சொல்கிற சி.ஆர். 1009-தான் அது. வெள்ளம் தாங்கும் குணத்தைச் சேர்த்திருக்கிறார்கள். தூர் கட்டும் பருவத்தில் முழுக்க மூழ்கினாலும் ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கி, தண்ணீர் வடிந்ததும் துளிர்த்துக்கொள்ளும். பூக்கும்போதோ கதிர் முற்றும்போதோ மூழ்கினால் அதுவும் தாங்காது. இதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். விதையை 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் (லிட்டருக்கு 10 கிராம்) ஊறவைத்து, நிழலில் பழைய ஈரத்துக்கு உலர்த்தி விதைத்தால் முளைத்த பயிர் கொஞ்சம் வறட்சி தாங்கும்.

புழுதி விதைப்பில் பயப்பட வேண்டியது அரைகுறைத் தூறலுக்குத்தான். எங்கள் வயலுக்குக் கீழண்டைக்காரர் சில வருஷம் முன்பு இப்படி விதைத்தார். ஒரு தூறல் போட்டது. மண்ணில் இரண்டு விரற்கடை ஈரம். அப்புறம் சுட்டெரிக்கிற வெயில். ஒரு நாள் காலையில் வரப்பில் குந்தியிருந்தவர், நான் போனதும் மண்ணை விரலால் கீறி ஒரு விதையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். முளை அரை அங்குலம் வந்திருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய நுனி பழுப்பேறிச் சுருண்டு கிடந்தது. நாலு அடி தள்ளி இன்னொரு இடத்தில் கீறினார். அங்கே விதை ஊறவே இல்லை, போட்ட நெல் போட்டபடி இருந்தது. "இது பொழைச்சுக்கும், அது போயிடுச்சு" என்றார். வயல் முழுக்க அப்படியே நடந்து கீறிப் பார்த்து, கருகிய இடங்களில் குச்சி நட்டு அடையாளம் வைத்தார். வீட்டில் ஒரு மூட்டை விதை ஒதுக்கி வைத்திருந்தார். அடுத்த மழைக்குக் குச்சி நட்ட இடத்தில் மட்டும் மறு விதைப்பு.

அந்த வருஷம் அவருக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி விளையவில்லை. மறு விதைப்புப் பயிர் பிந்திப்போய் மழையில் அடிபட்டது. ஆனால் வயலின் வடமேற்கு மூலையில்தான் குச்சிகள் அதிகம் நின்றன. அங்கே மண் சீக்கிரம் காய்கிறது, கையால் வீசிய விதை மேலாகவே தங்கிவிடுகிறது என்று அவருக்குப் புரிந்தது. மறு வருஷம் டிராக்டரில் விதைக் கருவி மாட்டி வரிசையாகப் போட்டார். விதை ஒரே ஆழத்தில் இறங்கியது. அவரைப் பார்த்து நாங்களும் அப்படியே மாறினோம். அவர் நஷ்டப்பட்ட வருஷத்தில் நட்ட குச்சிகள் எங்களுக்கெல்லாம் உதவின. இதை அவரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் ஒன்பது மாவையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பாதியை முதலில், மீதியைப் பத்து நாள் தள்ளி. ஒரு மூட்டை விதையை எக்காரணம் கொண்டும் தொடாமல் வையுங்கள். பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. அன்றைக்குப் போய் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க வேண்டாம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் நாலையும் இப்போதே எடுத்து ஒரு பையில் போட்டுவிடுங்கள். அப்புறம் மகனைக் கூட உட்காரவைத்து, இந்தச் சாகுபடியில் எவ்வளவு போனால் நம்மால் தாங்க முடியும் என்று ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு ரூபாய் வயலில் போகக் கூடாது. அந்தக் காகிதம் இருந்தால் அவனுக்கும் பயம் பாதி குறையும்.

கேள்வி: மகன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறையில் சேர்ந்தான். முதன்முதலாகத் தானே மெழுகு பிடித்துச் செய்த அம்மன் சிலைக்கு வார்ப்பில் ஒரு கை வராமல் போய்விட்டது. இரண்டு மாத வேலை. சரியாகச் சாப்பிடாமல் படுத்துக் கிடக்கிறான். இந்தத் தொழிலே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– ஒரு தாய், சுவாமிமலை

சொல்லாதீர்கள், அம்மா. உங்கள் ஊர்த் தொழிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் முழுச் சிலையையும் பிடிக்க வேண்டும். விரல் நகம், காதுக் குழை, இடுப்பு மடிப்பு வரைக்கும். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைக் குழம்பாக அரைத்துப் பூசுவார்கள். அந்த மண் அவ்வளவு நைசாக இருப்பதால்தான் மெழுகில் போட்ட மயிரிழைக் கோடுகூட மண்ணில் பதிகிறது. ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. வெளிப்பூச்சுகளில் மணல் சேரும். கம்பி சுற்றிக் கட்டுவார்கள். பிறகு வறட்டித் தீயில் சுட்டால் உள்ளே இருக்கிற மெழுகு உருகித் துளை வழியாக வெளியே வந்துவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில்தான் உலோகத்தை ஊற்ற வேண்டும்.

ஒருமுறை அதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கொடுத்துவைத்தது. அச்சை வாய் மட்டும் தெரிகிற மாதிரி மண்ணில் புதைத்திருந்தார்கள். அதுவரை பேசிக்கொண்டிருந்த பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உலோகம் உருக்கிய மூசையை இடுக்கியில் பிடித்து, பெரியவர் நூல் பிடித்த மாதிரி ஊற்றினார். நடுவில் நிறுத்தக் கூடாது, வேகமும் கூடாது. உள்ளே காற்று கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. வாய் வரை உலோகம் ஏறி நின்றதும்தான் அவர் மூச்சு விட்டார். "வந்துடுச்சா?" என்று கேட்டேன். "உடைச்சாத்தான் தெரியும்மா" என்றார். வாழ்நாள் முழுக்க வார்த்தவருக்கும் அச்சை உடைக்கிற வரை தெரியாது. உடைத்த அச்சு மறுபடி உதவாது. மெழுகு உருவமும் உருகிப்போயிருக்கும். குறை வந்தால் மெழுகு பிடிப்பதிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

உங்கள் மகன் இப்படிப்பட்ட தொழிலைத் தேடிப் போயிருக்கிறான். எனக்கு அவன்மேல் மரியாதையாக இருக்கிறது. செம்பும் பித்தளையும் ஈயமும் எங்கேயும் போய்விடவில்லை, மறுபடி உருக்கலாம். வடித்த மெழுகையும் அடுத்த சிலைக்குப் பயன்படுத்தலாம். போனது இரண்டு மாத உழைப்பு. அது பெரிய இழப்புதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் இரண்டு நாள் வருத்தப்படட்டும். மூன்றாம் நாள் பட்டறைக்குப் போய், கை ஏன் வரவில்லை என்று குருவிடம் கேட்கட்டும். அச்சில் ஈரம் தங்கியிருக்கலாம், காற்று வெளியேற வழி போதாமல் இருந்திருக்கலாம், மெல்லிய கைக்குள் போவதற்குள் உலோகம் ஆறிப்போயிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. உடைந்த அச்சுத் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிடாமல் வைத்திருந்தால் காரணம் கண்டுபிடிக்க உதவும்.

படிப்பை விட்டுவிட்டானே என்ற கவலை உங்களுக்கு இருக்கும். மாமல்லபுரத்தில் அரசுச் சிற்பக் கலைக் கல்லூரி இருக்கிறது. பட்டறையில் கை பழகிய பிள்ளைக்கு அங்கே படிக்கும் படிப்பு நன்றாக ஒட்டும். சேருவதற்கு என்ன தகுதி வேண்டும் என்று விசாரித்து வையுங்கள். அவனிடம் இப்போதே சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளிடம், "நம்ம ஊர் ராமானுஜனே தோற்றவர்தான்" என்று சொல்லித் தேற்றுகிறேன். ஒரு பையன், "சார், அவரு மேதை. நான் என்ன பண்ண?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஆசிரியர், கும்பகோணம்

பையன் சரியான கேள்வி கேட்டிருக்கிறான் சார். தோற்ற பிள்ளையிடம் மேதையின் கதையைச் சொன்னால், "நீயும் மேதையாகு" என்றுதான் அவன் காதில் விழும். அது அவனுக்கு இன்னொரு சுமை.

அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் முழுக்கச் சொல்லுங்கள். ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் அந்தத் தொகை போயிற்று. சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற அந்நாள் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. கையில் பட்டம் இல்லை, வருமானம் இல்லை. அந்தச் சமயத்தில் அவர் தன் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஆள் ஆளாகப் போய்ப் பார்த்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரித்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்த வேலையில் இருந்துகொண்டுதான் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு எழுதினார். முதலில் எழுதிய இரண்டு பேரால் பிரயோஜனம் இல்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்டுக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்துக்குத்தான் பதில் வந்தது.

இதில் மேதைமையை எடுத்துவிட்டாலும் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. தேறாத பாடம் எது, வருகிற பாடம் எது என்று பிரித்துப் பார்ப்பது. செய்ததை நோட்டில் எழுதி வைப்பது. வெட்கப்படாமல் போய் உதவி கேட்பது. அடுத்த முயற்சி வரைக்கும் சோற்றுக்கு ஒரு வழி பார்த்துக்கொள்வது. உதவி கேட்ட இடத்தில் ஒருவராவது கதவைத் திறந்தார்கள் என்பதைப் பெற்றோர்களுக்கும் சொல்லுங்கள் சார். அந்தக் கதவைத் திறக்கிற வேலை இப்போது உங்களுடையது. அதே வருஷத்தில் துணைத் தேர்வு நடக்கிறது. அந்தப் பையன் எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண்ணில் தவறினான் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ பாடம்தான் இருக்கும். அவனோடு தினம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

கேள்வி: பி.இ. முடித்தேன். குரூப் 4, குரூப் 2 எழுதிக்கொண்டே இருக்கிறேன், கிடைக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை, "இன்னும் படிக்கிறியா?" என்று கேட்கிறார்கள். விட்டுவிடட்டுமா?
– பெயர் வெளியிட வேண்டாம், பேரளம்

தம்பி, முதலில் ஒரு கணக்கு. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்தது 6,244 இடம். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு 320 பேருக்கும் மேல். இதில் கிடைக்காமல் போனவர்களை எல்லாம் உழைக்காதவர்கள் என்று யார் சொன்னாலும் அவருக்குக் கூட்டல் கழித்தல் தெரியவில்லை என்று அர்த்தம். அதனால் கல்யாண வீட்டுக்குப் போங்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கேட்டால், "ஆமாம், எழுதிட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். ஒளிந்துகொள்ள வேண்டிய காரியம் எதையும் நீங்கள் செய்யவில்லை.

விடுவதா வேண்டாமா என்பதை ஊர் வாயை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். குரூப் 4-ல் 200 கேள்வி, அதில் 100 தமிழ். ஒவ்வொரு தேர்விலும் தமிழில் எத்தனை, கணக்கில் எத்தனை, பொது அறிவில் எத்தனை சரி என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? கட்-ஆஃபுக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு தடவையும் குறைந்து வருகிறதென்றால் எழுதுங்கள், நானே சொல்கிறேன். அதே இடத்தில் நிற்கிறதென்றால் படிக்கிற விதத்தை மாற்றாமல் இன்னொரு தடவை உட்காருவதில் பலன் இல்லை.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்வேன். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுங்கள். முழு நாளும் அறைக்குள் படித்தால்தான் தேறலாம் என்ற எண்ணம் எப்படிப் பரவியதோ தெரியவில்லை, நம் பிள்ளைகளைக் கெடுத்துவைத்திருக்கிறது. வருமானம் இல்லாமல் எழுதுகிறவர் கேள்வித்தாளைப் பிரிக்கும்போதே கை நடுங்குகிறது. கையில் மாதச் சம்பளம் வருகிற பிள்ளை நிதானமாக எழுதுகிறது. அப்பாவின் வயல் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் சரி. இன்னும் எத்தனை வருஷம் என்று இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். அதுவரை அவர்களும் கேட்க வேண்டாம்.

கேள்வி: என் தம்பி இறால் குட்டை போடப் போகிறேன் என்று வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, மீதிக்குத் தனியாரிடம் வட்டிக்கு வாங்கப் போகிறான். தடுத்தால், "துணிஞ்சவனுக்குத்தான் துக்கமில்லை" என்கிறான்.
– வாசகி, வேதாரண்யம்

தடுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் ஒரு குட்டையில் விழுந்தால் சில நாளிலேயே மொத்த இறாலும் மிதந்துவிடும். உங்கள் பக்கத்தில் இதைக் கண்ணால் பார்க்காதவர்கள் குறைவு. அந்த நஷ்டத்தைத் தாங்கி மறுபடி குஞ்சு விடுகிற நிலையில் இருக்கிறவர் இறங்கலாம். ஒரே தடவையில் வீடே போய்விடும் என்றால் அதன் பெயர் முயற்சி இல்லை, பந்தயம். உங்கள் பிள்ளைகள் தூங்குகிற கூரையைப் பந்தயத்தில் வைக்க அவருக்கு உரிமை கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஆர்வம் இருந்தால் ஒரு போகம் யாராவது நல்ல பண்ணையாளரிடம் சம்பளத்துக்கு இருக்கட்டும். தண்ணீர் மாற்றுவது, தீவனக் கணக்கு, ராத்திரிக் காவல் எல்லாம் பழகட்டும். அடுத்து ஒருவரோடு பங்கு சேரட்டும். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யாமல் குட்டை வெட்டக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: 2018 கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு அடியோடு சாய்ந்தது. அப்போதே அறுபத்தெட்டு வயதான அப்பா, ஊர் சொல்லியும் கேட்காமல் மறு வருஷமே கன்று வைத்தார். காய் பார்க்க அவர் இல்லை. கன்றுகளிலும் பாதி பட்டுப்போய்விட்டது. அவர் பாடுபட்டது வீண் என்று நினைக்கும்போது அழுகை வருகிறது. மறுபடி வைக்கலாமா?
– வாசகர், பேராவூரணி

நவம்பர் 16 விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் எப்படி இருந்தது என்று பார்த்தவள் நான். நின்ற மரத்தை எண்ணிவிடலாம். அந்தத் தோப்புக்கு நடுவில் மறு வருஷமே குழி வெட்டினாரே, அவர் பெரிய மனிதர். பாதி பட்டுப்போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பாதி நிற்கிறதல்லவா, ஐயா? நெட்டை ரகமாக இருந்தால்கூட இப்போது பாளை விடுகிற வயசு அவற்றுக்கு. போய்ப் பாருங்கள். அப்பா வைத்தது வீணா என்று அதன் அடியில் நின்று யோசியுங்கள்.

மறுபடி வைக்கலாம். வைக்கும் முன் பட்டுப்போனதற்குக் காரணம் தெரிய வேண்டும். கன்றின் மட்டையில் கத்தரியால் வெட்டினாற்போல் 'வி' வடிவ வெட்டு இருந்ததா? குருத்து ஓட்டை விழுந்து வதங்கியதா? அப்படியென்றால் காண்டாமிருக வண்டு. புயலில் விழுந்த மரங்களை வெட்டி அகற்ற முடியாமல் பல தோப்புகளில் அப்படியே மக்கவிட்டார்கள். அந்த மக்கிய கட்டையிலும் எருக்குழியிலும்தான் இந்த வண்டு முட்டை வைத்துப் பெருகும். கட்டைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சணத்தைக் கலந்து விடுங்கள். கன்றின் மேல் மூன்று மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து வைத்தால் வண்டு அண்டாது.

உங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு பழைய அனுபவமும் உண்டு. 1952-ல் அடித்த புயலுக்குப் பிறகுதான் தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோய் கண்டார்கள். அதனால்தான் நோய்க்கே ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்தால் அதுதான். பெரும்பாலும் வளர்ந்த மரத்தைத்தான் பிடிக்கும். நோயில் செத்த மரத்தின் தூரை வேரோடு எடுக்காமல் அதன் பக்கத்தில் கன்று வைக்கக் கூடாது. நிற்கிற மரங்களுக்கு வருஷத்துக்கு ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுங்கள்.

இந்தத் தடவை 25 அடி இடைவெளியைக் குறைக்காதீர்கள். ஏக்கருக்கு 70 கன்று போதும். கன்று தலை எடுக்கிற வரை நடுவில் வாழை போடுங்கள், கைச்செலவுக்கு ஆகும். ஒரே ரகத்தை நம்பாமல் நெட்டையோடு கொஞ்சம் குட்டையும் கலந்து வையுங்கள். உங்களுக்கு என்ன வயசு என்று எழுதவில்லை. எத்தனை வயசானாலும் உங்கள் அப்பாவை விடச் சின்னவர்தான்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் 1500 மீட்டருக்குப் பெயர் கொடுக்க பி.டி. டீச்சர் கூப்பிடுகிறார். பெரிய பள்ளியிலிருந்து வருகிற அக்காக்கள் ஷூ போட்டு வேகமாக ஓடுவார்கள். நான் கடைசியாக வந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். போகட்டுமா?
– மாணவி, நாகப்பட்டினம் மாவட்டம்

போ கண்ணு, பெயர் கொடு. சிரிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மைதானத்தை ஒரு சுற்றுகூட ஓடியிருக்க மாட்டார்கள்.

1500 மீட்டர் என்றால் 400 மீட்டர் மைதானத்தில் மூன்றே முக்கால் சுற்று. முதல் சுற்றில் அந்த அக்காக்களோடு சேர்ந்து பாய்ந்துவிடாதே. அங்கேதான் புதிதாக ஓடுகிறவர்களுக்கு மூச்சு தீர்ந்துபோகும். உன் வேகத்தில் இரண்டு சுற்று ஓடு. மூன்றாவது சுற்றில்தான் கால் கனக்கும், நின்றுவிடலாம் என்று தோன்றும். அப்போது முன்னால் போகிற ஒரே ஒருத்தியின் முதுகை மட்டும் பார்த்து ஓடு. கடைசி 200 மீட்டருக்கு மிச்சம் இருக்கிறதை எல்லாம் போடு. ஷூ இல்லையென்றால் பரவாயில்லை, ஆனால் போட்டிக்கு முன்னால் அந்த மைதானத்தில் வெறுங்காலோடு ஒரு தடவை நடந்து, கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள். ஓடி முடித்ததும் உட்கார்ந்துவிடாமல் நடக்க வேண்டும்.

டீச்சரிடம் உன் நேரத்தைக் குறித்து வைக்கச் சொல். எத்தனையாவதாக வந்தாய் என்பதோடு அந்த நேரத்தையும் எனக்கு எழுது.